முதுகில் கட்டிய கொடி

எங்கள் பேருந்துக்குச் சக்கரங்கள் இல்லை, கால்களே உண்டு. விடியுமுன் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புறப்பட்டு, மாலைத் துப்பாக்கி வெடிப்பதற்குள் டர்பன் விளையாட்டரங்கில் நுழைந்துவிட வேண்டிய அந்த நெடிய ஓட்டத்தில், தனியே ஓடினால் நேரத்தைத் தவறவிடக்கூடியவர்கள் ஒன்றுதிரண்டு ஓடும் கூட்டத்தையே பேருந்து என்கிறோம். அதன் முன்னால் முதுகில் கொடி கட்டி ஓடுபவன் ஓட்டுநர். அவன் "ஓடு" என்றால் அனைவரும் ஓடுவர். "நட" என்றால் அனைவரும் நடப்பர். பன்னிரண்டு மணி நேரம் நிறைவுறும்போது அரங்கில் துப்பாக்கி வெடிக்கும். அதன் பின் ஓரடி தாமதமாக வந்தவருக்கும் பதக்கம் இல்லை.

லிண்டானி ஹடேபே ஆகிய நான் அவ்வாண்டின் ஓட்டுநர். முந்தைய ஆண்டும் நானே. முந்தைய ஆண்டு என் பேருந்து அரங்கின் வாயிலில் நுழைந்துகொண்டிருக்கையில் துப்பாக்கி வெடித்தது. முன்னால் ஓடிய எனக்குப் பதக்கம் கிடைத்தது. என் பின்னால் வந்தவருள் பெரும்பாலோர்க்குக் கிடைக்கவில்லை. அவர்கள் என்னை ஏசவில்லை. மறு ஆண்டும் என் கொடியின் பின்னாலேயே வந்து நின்றார்கள். ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இம்முறை எவரையும் வாயிலில் விடமாட்டேன் என்று நான் உறுதி பூண்டதற்கு வேறு காரணம் தேவையில்லை.

எனக்கு நேர் பின்னால் நின்றவர் நோமூசா. பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் பணிபுரிபவர். இரு முறை ஓடி, இரு முறையும் துப்பாக்கியின் ஓசையை வெளியே நின்று கேட்டவர். தங்கை முறை வைத்து நான் அவரைச் "சிசி" என்பேன். அவர் என்னை என் குலப்பெயரால் "புங்கானே" என்பார். அவருக்கு அருகில் குமேடே பெரியவர். துறைமுகத்தில் சுமை தூக்கி ஓய்வு பெற்றவர், பேருந்தின் பாட்டுக்காரர். அவர் ஒரு வரி பாட, நாங்கள் அனைவரும் மறுவரி பாடுவோம். அப்பாட்டின் தாளத்திலேயே கால்கள் விழும். அவருக்கு அப்பால் கோபஸ் என்னும் வெள்ளையர், உள்நாட்டு மாநிலமான ஃப்ரீ ஸ்டேட்டில் சோளம் பயிரிடுபவர், வாய் ஓயாதவர்.

புறப்படுமுன் கொடிக்கம்பை என் முதுகில் கட்டியவர் குமேடே பெரியவர்தாம். தோள்களின் மேலும் மார்பின் குறுக்கும் கயிற்றை இழுத்து, முதுகுப்புறத்தில் முடிச்சிட்டார்.

"கப்பல் கட்டுற முடிச்சு இது. இனிமே நீயே நெனச்சாலும் அவுக்க முடியாது, புங்கானே," என்றார்.

"நடுவுல அவுக்கணும்னா என்ன செய்யறது, பாபா?"

"நடுவுல எதுக்கு அவுக்கணும்? டர்பன்ல நானே அவுத்து விடறேன்."

நான் பேருந்தை நோக்கித் திரும்பி, விதிகளை உரக்கக் கூறினேன். கொடியைப் பாருங்கள், கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். என் குரலுக்குக் காலைக் கொடுங்கள். எவர் ஒதுங்கினாலும் பேருந்து நிற்காது. ஒதுங்கியவரே ஓடிவந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.

இவ்விதியின் பயனை முதலில் நுகர்ந்தவர் கோபஸ். வெளிச்சம் பரவியவுடன் ஒரு வேலியோரம் ஒதுங்கிவிட்டு, மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்தார்.

"ஒரு நிமிஷம் நின்னா கொறைஞ்சா போயிருவீங்க, டிரைவரே? என் மாடு கூட எனக்காக நிக்கும்," என்றார்.

"மாட்டுக்கு டர்பன்ல வேலை இல்ல," என்றேன். பேருந்து முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

எங்கள் பேருந்தில் ஒரு வழக்கம் உண்டு. பயணிகளின் வீட்டார் சாலையோரத்தில் காத்திருந்து, ஓட்டுநருக்கு ஏதேனும் உண்ணக் கொடுப்பர். ஓட்டுநர் அதை இரு கைகளாலும் ஏந்தி உண்ண வேண்டும். மறுத்தால், அவ்வீட்டுப் பயணியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை அவன் ஏற்கவில்லை என்று பொருள். இவ்வழக்கத்தை யார் தொடங்கினாரோ அறியேன். அவர் ஓட்டுநராக இருந்திருக்க மாட்டார் என்பது மட்டும் உறுதி.

நெடுந்தொலைவு ஓடுபவரின் வயிற்றைக் குறித்து ஒன்று கூற வேண்டும். கால்களுக்கு இரத்தம் தேவைப்படும்போது உடல் அதனை வயிற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆதலால் ஓடுபவரின் வயிறு ஏறத்தாழக் கதவடைத்த கடையாகும். அக்கடைக்குள் சரக்கை இறக்கிக்கொண்டே இருந்தால் அது விலைபோகாது. உள்ளேயே கிடந்து கெடும். சிறிது உருளைக்கிழங்கு, சிறிது உப்பு, அளவாகத் தண்ணீர் என்று கடையை அரைக்கதவு திறந்து நடத்துவதே அறிவு. இதனை நான் நன்கறிவேன். அறிந்திருந்தும் அன்று காலை முதல் ஆரஞ்சுச் சுளைகளையும், எண்ணெயில் பொரித்த மாவுருண்டைகளையும், அவித்த முட்டையையும், சூடான கோலாவையும் இரு கைகளாலும் ஏந்தினேன். ஒவ்வொன்றையும் தந்தவரின் வீட்டு முகமொன்று என் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

இன்சாங்கா ஏற்றத்தின் உச்சியில் நோமூசாவின் அண்ணி நின்றிருந்தார். அவர் கையில் ஒரு பெரிய குவளை. அதில் மக்காச்சோளப் புட்டு உதிர்த்துப் போட்ட புளித்த பால். வெயிலில் நெடுநேரம் நின்ற பால் என்பது குவளையை ஏந்தியதுமே கைகளுக்குத் தெரிந்தது. அண்ணி முழங்காலைச் சற்று மடித்து, கண்களைத் தாழ்த்தி, என்னிடம் ஒன்றே கூறினார்:

"இந்தத் தடவையாவது இவள உள்ள கொண்டு போயிருங்க, ஐயா."

நோமூசா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குவளையைக் கவிழ்த்துக் குடித்தேன். அடியில் தங்கிய புட்டையும் விரலால் வழித்து உண்டேன்.

பாதித் தொலைவான டிரம்மண்டைக் கடந்தபோது வேளையோடு இருந்தோம். குமேடே பெரியவரின் பாட்டு உச்சத்தில் இருந்தது. அப்பொழுதுதான் தொப்புளுக்குக் கீழே ஏதோ ஒன்று மெல்லப் புரண்டு படுத்தது. நான் அதனைப் பொருட்படுத்தவில்லை. போத்தாஸ் குன்றின் ஏற்றம் தொடங்குகையில் அது எழுந்து அமர்ந்தது. ஏற்றத்தின் நடுவே எழுந்து நின்று கதவைத் தட்டியது.

என் உடலில் வேர்வை குளிர்ந்தது. சாலையின் இடப்புறம் வேலியற்ற புல்சரிவும், அதன் கீழே யூகலிப்டஸ் தோப்பும் தென்பட்டன. நான் ஒரு திட்டம் வகுத்தேன். "நட" என்று குரல் கொடுப்பது; அவர்கள் நடந்துகொண்டிருக்கையில் தோப்புக்குள் ஒதுங்குவது; முடித்துவிட்டு ஓடிவந்து முன்னால் நிற்பது. திட்டத்தில் குறையொன்றும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

"நட," என்றேன். புல்லில் இறங்கினேன்.

தோப்பை எட்டுமுன் என் பின்னால் பெருஞ்சரசரப்பு எழுந்தது. திரும்பினேன். பேருந்து முழுவதும் புல்சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது. தலை கவிழ்ந்து, கொடியின் நுனியை மட்டும் அவ்வப்போது நிமிர்ந்து பார்த்து, நான் காலையில் கற்பித்த ஒழுக்கம் சிறிதும் பிறழாமல் அவர்கள் வந்தார்கள். எங்கள் பேருந்தைச் சேராத சிலரும், கொடி செல்லும் திசையே டர்பன் என நம்பிச் சாலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். குமேடே பெரியவர் பாட்டை நிறுத்தவேயில்லை. ஒருவர் பள்ளத்தில் கால் வைத்து உருண்டார். அவரைத் தூக்கிவிட்டவரும் உருண்டார்.

"டிரைவரே, இது புது ரூட்டா?" என்றார் கோபஸ்.

நூறு முகங்கள் என்னைப் பார்த்தன. தோப்பு எனக்குப் பின்னால் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. உண்மையைக் கூற அதைவிட நல்ல இடம் வாய்க்காது. ஆயினும் வயிறு கலங்கிய ஓட்டுநரின் பின்னால் எவருடைய கால் உறுதியாக விழும்? நான் நிமிர்ந்து நின்றேன்.

"பாதத்துக்கு ஒரு ஓய்வு. தார் ரோட்டுலயே ஓடினா எலும்பு சூடாயிரும். கொஞ்ச நேரம் புல்லுல நடங்க," என்றேன்.

"என் பாதம் உங்களுக்கு நன்றி சொல்லுது," என்றார் கோபஸ். "ஆனா மேல ரோட்டுல நிக்கிற ஆளுங்க நமக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சுன்னு நெனக்கிறாங்க."

"நீங்க புல்லு மேயாம நடங்க, போதும்," என்றார் குமேடே பெரியவர்.

புல்லில் சிறிது தூரம் நடத்தி, மீண்டும் சரிவேறி, சாலையில் வரிசை கூட்டுவதற்குள் காலை முதல் சேமித்து வைத்திருந்த நேரத்தில் பெரும்பகுதி கரைந்தது. நான் தோப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்பொழுது என்னிடம் வயிறு மட்டுமன்றி ஒரு பொய்யும் இருந்தது. இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்தது.

அறிந்த உத்திகள் அனைத்தையும் கையாண்டேன். இடுப்பு நாடாவைத் தளர்த்தினேன். எதையும் விழுங்காமல், தண்ணீரை வாயில் கொப்பளித்துத் துப்பினேன். பனிக்கட்டியை வாங்கி அடிவயிற்றில் அழுத்தினேன். அடிகளைக் குறுக்கினேன், பேருந்து முழுவதும் குறுக்கியது. நான் வயிற்றைப் பிடித்தபோது பின்னால் ஓரிருவர், அதுவும் ஏதோ முறை என எண்ணித் தங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்களாம். உணவு நீட்டிய கைகளைக் கண்டபோது மட்டும், சாலையின் மறுபுறத்துக்குப் பேருந்தை நகர்த்தினேன்.

"பாட்டுக்கு உங்க பதில் வரலயே, புங்கானே," என்றார் பின்னாலிருந்து நோமூசா.

"தொண்டை காஞ்சிருக்கு, சிசி."

"தண்ணிய எல்லாம் துப்பினா காயத்தான் செய்யும்."

பேசுவதற்குத் தசையைத் தளர்த்த வேண்டும். எந்தத் தசையையும் தளர்த்தும் நிலையில் நான் இல்லை.

ஃபீல்ட்ஸ் குன்றின் இறக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகிறேன். வலிய கால்கள் உடையவனும் அஞ்சும் இறக்கம் அது. ஒவ்வோர் அடிக்கும் குடல் ஒரு முறை மேலே எறியப்பட்டுக் கீழே விழுந்தது. கொடிக்கம்பு முதுகில் இடித்தது. பின்னால் நூறு பேர் இறங்கும் வேகம் என்னைத் தள்ளியது. நின்றால் என்மேல் விழுவார்கள். ஒதுங்கினால் என்னோடு ஒதுங்குவார்கள். நான் முன்னால் இருந்தேன் என்று பெயர்; உண்மையில் அவர்களுக்கும் சாலைக்கும் நடுவே அகப்பட்டிருந்தேன்.

இறக்கம் முடிந்தால் பைன்டவுன். அங்கே சாலையின் இருபுறமும் ஊரே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும். இறைச்சி சுடும் புகையும், ஒலிபெருக்கியும், கை நீட்டித் தொட விரும்பும் குழந்தைகளும் ஆக, மறைவதற்கு ஒரு புதர்கூட இல்லை. "டிரைவர், டிரைவர்" என்று அவர்கள் கைதட்டிய ஒவ்வொரு தட்டும் என் வயிற்றில் பட்டது.

தண்ணீர்ப் பந்தலின் அருகே நெகிழியாலான கழிப்பறைக் கூண்டுகள் நின்றிருந்தன. ஒன்றின் கதவு திறந்திருந்தது. அதைக் கண்டதும் என் உடல் என்னைக் கேளாமலே முடிவெடுத்துவிட்டது.

"நட," என்று கத்திவிட்டு, நான் ஓடினேன். கூண்டுக்குள் பாய்ந்தேன். கொடிக்கம்பு வாசலின் மேற்சட்டத்தில் மோதி, என்னைப் பின்னால் எறிந்தது. குனிந்து நுழைந்தேன், கம்பு கூரையில் குத்தியது. பக்கவாட்டில் நுழைந்தேன், தோள் நுழைந்தது, கம்பு நுழையவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் வளைத்து முடிச்சைத் தேடினேன். வேர்வையும் தண்ணீரும் ஊறி, அது கல்லாக இறுகியிருந்தது.

இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, இடுக்கியுடன் எழுந்து நின்று பார்த்தார்.

"கொடிய வெளிய விட்டுட்டுப் போங்களேன், ஐயா."

"கட்டியிருக்கும்மா."

"அப்ப கொடி உள்ள போகட்டும். நீங்க வெளியவே இருங்க."

அவருடைய வீட்டார் சிரித்தனர். அதற்குள் என் பேருந்து வந்து சேர்ந்தது. நான் "நட" என்றே கூறியிருந்தேன். ஆதலால் அவர்கள் நடந்து வந்து, கொடி நின்ற இடத்தில், கழிப்பறையைச் சூழ்ந்து நின்றார்கள். பாட்டு தானாகவே தேய்ந்து நின்றது.

நான் கதவைப் பற்றிக்கொண்டு நின்றேன். பொய் சொல்ல வேண்டுமானால் அதற்கும் மூச்சு வேண்டும்.

"வயிறு," என்றேன். "போத்தாஸ் குன்றுல இருந்து."

"அப்ப அந்தப் புல்லு?" என்றார் கோபஸ்.

"ஆமா."

"என் பாதம் குடுத்த நன்றிய நான் திருப்பி வாங்கிக்கிறேன்," என்றார் அவர். ஆனால் முதலில் குனிந்து முடிச்சில் பல்லை வைத்தவரும் அவரே. முடிச்சு அசையவில்லை. குமேடே பெரியவர் அவரைத் தள்ளிவிட்டு நகத்தால் முயன்றார். தாம் போட்ட முடிச்சைத் தாமே வைதார். இறுதியில் இறைச்சிப் பெண்மணி கத்தியுடன் வந்து கயிற்றை அறுத்தார். கம்பு என் முதுகை விட்டு நீங்கியதும், சுமை குறைந்ததாக அல்லாமல், தோல் உரிந்ததாகவே உணர்ந்தேன்.

குமேடே பெரியவர் கொடியைக் கையில் ஏந்தி நின்றார்.

"நான் பாடறவன். ஓட்டறவன் இல்ல," என்றார்.

"என்கிட்ட குடுத்தீங்கன்னா நேரா ஃப்ரீ ஸ்டேட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவேன்," என்றார் கோபஸ்.

"குடுங்க," என்றார் நோமூசா.

பெண்மணி தம் சமையல் மேலாடையின் நாடாவை உருவித் தந்தார். நோமூசாவின் முதுகில் கொடியைக் கட்டினார்கள். அவர் என் அருகே வந்து, பிறர் கேளாதவாறு வினவினார்:

"எங்க அண்ணி குடுத்த பாலா?"

"இல்ல, சிசி."

"பொய்."

நான் கூண்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டேன்.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே, புங்கானே."

"சொல்லியிருந்தா நீ என்ன நெனச்சிருப்ப?"

அவர் நாடாவை இறுக்கினார். மக்களை நோக்கித் திரும்பினார். காத்திருப்பதா, செல்வதா என்று அவர் ஒரு நொடி தயங்கியதை நான் கண்டேன். பின்பு அவர் குரல் எழுந்தது. சமையற்கூடத்தில் இருநூறு தட்டுகளை வரிசைப்படுத்தும் குரல் அது.

"ஓடு."

கதவைச் சாத்தித் தாழிட்டேன். மெல்லிய நெகிழிச் சுவருக்கு அப்பால் நூறு பேரின் காலடிகள் கடந்து சென்றன. கூண்டு அதிர்ந்தது. குமேடே பெரியவர் பாட்டை எடுத்தார். அவர்கள் மறுவரி பாடினார்கள். என் குரல் இல்லாமலும் அது நிறைவாகவே ஒலித்தது. அத்தனை ஆண்டுகளாக அப்பாட்டை முதுகில் கேட்டவன் நான். அது என்னை விட்டு விலகிச் செல்வது எவ்வாறு ஒலிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இனி விரைவாக முடியும் என்று எண்ணினேன். அவ்வாறு நிகழவில்லை. நெடுநேரம் திறக்காதே என்று ஆணையிடப்பட்ட உடல், திற என்ற ஆணையை முதலில் நம்ப மறுத்தது. நம்பிய பிறகு நிறுத்த மறுத்தது. எழ முயன்றபோதெல்லாம் அது என் தோளைப் பற்றி அமர்த்தியது. உள்ளே வெப்பமும் மருந்து நெடியும் மூச்சை அடைத்தன. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"உள்ள குடும்பமா நடத்துறீங்க?"

"வந்துடறேன்."

"இதைத்தான் அப்பவும் சொன்னீங்க."

வெளிவந்தபோது சாலை வேறாகிவிட்டிருந்தது. கூட்டமாக ஓடுவோர் எவரும் இல்லை. ஒருவர் இருவராகத் தள்ளாடுவோரே எஞ்சியிருந்தனர். இறைச்சிப் பெண்மணி என் முகத்தைப் பார்த்து, உணவு எதையும் நீட்டாமல், உப்பை மட்டும் உள்ளங்கையில் கொட்டினார். அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஓடினேன். கால்கள் இருந்தன, அவற்றுக்குள் ஒன்றும் இல்லை. எண்ணிப் பார்த்தால், அந்த ஓட்டத்தில் நான் தனியே ஓடி ஆண்டுகள் பல ஆகியிருந்தன. "நட" என்று எனக்கு நானே கூறிக்கொள்ள வேண்டியிருந்தது. கூறிய பிறகு "ஓடு" என்று கூற எவரும் இல்லை. கவீஸ் குன்றின் ஏற்றத்தில் கொடியின் நுனி தெரிகிறதா என்று கண்களைச் சுருக்கிப் பார்த்தேன். வளைவுகள் மட்டுமே தெரிந்தன.

குன்றுக்கு அப்பால், குறித்த நேரத்துக்குள் கடக்க வேண்டிய இடத்தில், சாலையின் குறுக்கே கயிறு பிடித்து நின்றார்கள். மஞ்சள் மேற்சட்டை அணிந்த ஓர் இளம்பெண் என் மார்பில் மெல்லக் கை வைத்தார்.

"மூடியாச்சுங்க, ஐயா."

"என் பஸ் இப்பதான் முன்னால போச்சும்மா. நான் டிரைவர்."

அவர் என் முதுகைப் பார்த்தார். அங்கே அறுந்த கயிற்றின் ஒரு துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க பஸ் அங்க நிக்குது," என்று சாலையோரத்தைக் காட்டினார்.

அது சக்கரங்கள் கொண்ட பேருந்து. ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்டோரை ஏற்றிச் செல்வது. அதில் ஏறினேன். வெள்ளித்தாள் போர்வைகளும் தைல நெடியும் நிறைந்திருந்தன. சன்னலோரம் இடம் தந்தார்கள். கண்ணாடி திறக்காத வகையைச் சேர்ந்தது.

வண்டி நெடுஞ்சாலையின் மறுபாதியில் நகர்ந்தது. டர்பனுக்கு முன்னுள்ள கடைசி மேட்டில் அவர்களைக் கண்டேன். முதலில் கொடி, அதன் கீழே நோமூசா, பின்னால் என் பேருந்து. அவர்களுக்கும் எனக்கும் இடையே ஒரு தடுப்புச் சுவரும் ஒரு கண்ணாடியும் மட்டுமே இருந்தன. எவருடைய வாயும் அசையவில்லை. பாட்டு நின்றிருந்தது. நோமூசா கையை உயர்த்தினார். அனைவரும் நடக்கத் தொடங்கினார்கள்.

என் கணக்கின்படி அந்த மேட்டில் நடக்கக் கூடாது. கையில் இருந்த நேரத்தைப் புல்சரிவிலும் கழிப்பறை வாசலிலும் நான் செலவழித்துவிட்டேன். நடப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நான் கண்ணாடியைத் தட்டினேன். பின்பு உள்ளங்கையால் அறைந்தேன்.

"ஓடு, சிசி. ஓடச் சொல்லு."

முன்னிருக்கையில் இருந்தவர் திரும்பினார்.

"கண்ணாடி என்ன பண்ணுச்சு உங்கள? அவங்களுக்குக் கேக்காது, ஐயா. உக்காருங்க."

நோமூசா இப்பக்கம் பார்க்கவேயில்லை. அவர் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். கொடி முன்னாலும் முகம் பின்னாலுமாக. எங்கள் வண்டி வேகமெடுத்தது. கொடி சிறுத்து, சுவருக்குப் பின்னால் இறங்கி மறைந்தது.

அரங்கை அடையுமுன் எங்கள் வண்டி நெரிசலில் சிக்கி நின்றது. துப்பாக்கியின் ஓசையை அதனுள் அமர்ந்தே கேட்டேன். கண்ணாடி வழியாக வந்ததால் அது ஒரு கதவு சாத்தப்படும் ஓசையளவே இருந்தது. எவரும் தலை தூக்கவில்லை. என் வயிறு அப்போது முற்றிலும் அமைதியாக இருந்தது. அதனை நான் மன்னிக்கவில்லை.

எங்களைப் பின்வாயிலில் இறக்கினார்கள். பதக்கம் பெற்றோர்க்குரிய புல்வெளியைச் சுற்றிக் கம்பிவேலி இட்டிருந்தார்கள். எங்களைப் போன்றோர்க்கு உள்ளே அனுமதியில்லை. நான் வேலியைப் பற்றிக்கொண்டு முகம் முகமாகத் தேடினேன். கோபஸ் புல்லில் மல்லாந்து கிடந்தார். பதக்கத்தைக் கண்ணின் மேல் வைத்திருந்தார். குமேடே பெரியவர் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கொடி அவர்கள் நடுவே நின்றது.

நோமூசா என்னைக் கண்டு வேலியருகே வந்தார். அவர் கழுத்தில் பதக்கம் இருந்தது. நான் கணக்குக் கேட்டேன்.

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"கடைசி வரிசையில கொஞ்ச பேர் வரல. கடைசிப் பாலத்துக்கிட்டயே கால் மடங்கிருச்சு. மத்தவங்க வந்துட்டோம்."

"மேட்டுல ஏன் நடக்க விட்ட? நான் பாத்தேன். கண்ணாடியத் தட்டினேன்."

"பின்னால மூணு பேர் வாந்தி எடுத்துட்டு இருந்தாங்க, புங்கானே. ஓட விட்டிருந்தா அங்கயே விழுந்திருப்பாங்க. பாட்டையும் நிறுத்தச் சொன்னேன். மூச்சு மிச்சமாச்சு. விட்ட நேரத்த எறக்கத்துல எடுத்துக்கிட்டோம்."

"வாந்தி எடுக்குறாங்கன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"திரும்பிப் பாத்தேன்." பிறகு, சற்றுத் தயங்கி, "நீங்க திரும்பிப் பாக்கவே மாட்டீங்க," என்றார்.

"கொடி முதுகுல இருந்தா திரும்புறது கஷ்டம்."

"கஷ்டந்தான். தோள் ரெண்டும் போச்சு." அவர் வேலிக்கம்பியில் விரல்களைக் கோத்தார். "புல்லுல நின்னோமே, அப்பவே அவுத்துக் குடுத்திருந்தீங்கன்னா நீங்களும் இந்தப் பக்கம் நின்னிருப்பீங்க. நாங்க சிரிச்சிருப்போம். அவ்வளவுதான்."

நான் சொல்லத்தக்க மறுமொழிகள் பல இருந்தன. அவற்றுள் ஒன்றும் உண்மையாக இல்லை.

"அண்ணி எங்க?" என்றேன்.

"வெளிய நிக்கிறாங்க. பதக்கத்தப் பாத்துட்டு அழுதாங்க. டிரைவருக்கு இன்னொரு குவளை வச்சிருக்கேன்னாங்க." அவர் சிரித்தார். "குடிச்சிட்டாருன்னு சொல்லிட்டேன்."

அதற்குள் கோபஸ் எழுந்து, நொண்டியபடி அனைவரையும் கொடியைச் சுற்றிக் கூட்டினார். படம் எடுக்க வேண்டுமாம். எடுப்பதற்கு அவர்களுள் எவரும் மிச்சமில்லை. அனைவருமே படத்தில் இருக்க வேண்டியவர்கள். அவர் வேலிக்கு மேலாகத் தம் கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"டிரைவரே, நீங்க எடுங்க. எல்லாரையும் சேத்து எடுக்கணும். கொடி முழுசா வரணும்."

வாங்கினேன். நோமூசாவை நடுவில் நிறுத்தினார்கள். குமேடே பெரியவர் அவர் தோளில் கை வைத்தார். திரையில் பார்த்தேன், கொடியின் நுனி வெட்டுப்பட்டது.

"பின்னால போங்க," என்றார் கோபஸ்.

ஓரடி பின்னால் சென்றேன். நுனி இன்னும் வெட்டுப்பட்டது. எனக்குப் பின்னால், வெளியேறுவோரின் கூட்டத்தைத் தடுக்க இன்னொரு வேலி நின்றிருந்தது. அது என் முதுகில் தொட்டது.

"இன்னும் பின்னால."

"இடம் இல்ல," என்றேன்.

கைகளை உயர்த்தி, கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். அனைவரும் அடங்கினார்கள், கொடியும் அடங்கியது. அவர்களின் மேல், கட்டம் கட்டமாக, கம்பிவேலியும் விழுந்தது.

"சிரிங்க," என்றேன். அவர்கள் என் குரலுக்குச் சிரித்தார்கள்.